மைனஸ் தொண்ணூற்றிரண்டு கிலோ சிப்பி

கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி உயரத்தில் ஒரு கடற்படுகை இருக்கிறது என்பதை மஸ்கெலியா மக்கள் ஒரு சுற்றறிக்கை வந்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். அதுவரை அவர்கள் அதை நீர்த்தேக்கம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் துணி துவைத்தார்கள், மாட்டைக் கழுவினார்கள். பத்திநாதன் மட்டும் மீன் பிடித்தார்.

பத்திநாதனிடம் ஒரு சின்ன ஃபைபர் படகும் இரண்டு வலைகளும் இருந்தன. விடியற்காலையில் வலையை இழுத்து, கிடைத்த திலாப்பியாவைக் கூடையில் போட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகக் கொண்டுபோய் விற்பார். மனைவி சிசிலி மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். இரண்டு பேருடைய உழைப்பில் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒருவருடையது நின்றால் அடுப்பும் பாதிதான் எரியும். இது இரண்டு பேருக்கும் தெரியும்; பேசிக்கொள்வதில்லை.

வருஷா வருஷம் ஜனவரி மாதம் அட்டன் நகருக்குப் போய் வலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு ஜன்னல், ஒரு ஆள், ஒரு முத்திரை. அந்த வருஷம் ஜனவரி பன்னிரண்டாம் தேதி போனபோது ஜன்னல் மூடியிருந்தது. மாடிக்குப் போகச் சொல்லி அம்புக்குறி போட்டிருந்தார்கள். மாடியில் புதிய பலகை: கடற்படுகைச் சிப்பிவள வரைபட அதிகார சபை, மத்திய மலைநாட்டுக் கரையோரக் கிளை.

வாசலில் வர்ணம் அடித்த நங்கூரம் ஒன்று கிடந்தது. சுவரில் அலை ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அச்சிட்ட அட்டவணை. ஆணியில் பன்னிரண்டு உயிர்காப்பு அங்கிகள், வாங்கிய பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். இவற்றுக்கு நடுவே, குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு எழுதுவினைஞர் நிலக்ஷி உட்கார்ந்திருந்தாள்.

"வலை அனுமதி புதுப்பிக்க வந்தேங்க மிஸ்."

"எந்தச் சதுரம்ணே?"

"மஸ்கெலியாங்க."

"ஊரக் கேக்கல. சதுரத்தக் கேக்கிறேன்." அவளே தேடிப் பார்த்தாள். "நானூத்திப் பதினேழு. இதுல இன்னும் சிப்பி எண்ணலண்ணே. சிப்பி எண்ணி வரைபடத்துல ஏத்துற வரைக்கும் எந்த மீன் அனுமதியும் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"நான் சிப்பி புடிக்கிறதில்லைங்களே. மீனுதானே புடிக்கிறேன்."

"கடலுக்கு அடியில சிப்பி எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தான், கடல எவ்வளவு பாவிக்கலாம்னு தெரியுமாம். அழிஞ்சுபோகாம காப்பாத்தத்தான்."

"நல்ல காரியம்தாங்க மிஸ். ஆனா இங்க கடல் எங்க இருக்கு?"

நிலக்ஷி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தீவு முழுசையும் சதுரம் சதுரமா வெட்டிட்டாங்கண்ணே. கரையோரச் சதுரத்துக்கெல்லாம் ஆள் போய் எண்ணியாச்சு. நடுவுல மட்டும் வெள்ளையாக் கிடந்துச்சு. வெள்ளையாக் கிடந்தா படம் முடியல. படம் முடியலன்னா அறிக்கை முடியல."

"கடல் இல்லைன்னு எழுதிட்டா?"

"அப்படி எழுத ஃபாரத்துல கட்டம் இல்ல. நானே கேட்டுப் பாத்துட்டேன்."

ஃபாரத்தை அவளே நிரப்பிக் கொடுத்தாள். 'அலை உச்சம் தொடும் நேரம்' என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அணைக்கட்டுக் கதவு திறக்கிற நேரம்தான் தமக்குத் தெரியும் என்றார் பத்திநாதன். அதையே போட்டாள். பிறகு, அவர் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார் என்பதை முகத்திலேயே கண்டு, தன் ஃபிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, பணிஸில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். இந்த விஷயத்தில் அந்த அலுவலகத்திலிருந்து பத்திநாதனுக்குக் கிடைத்த முதல் உதவி அதுதான். அது அலுவலகத்துப் பணிஸும் அல்ல.

பெப்ரவரியில் சபை மஸ்கெலியாவுக்கு வந்தது.

முதலில் சபையின் படகு வந்தது. ஆழ்கடலுக்கென்று செய்த இருபத்தெட்டு அடிப் படகு. லொறியில் ஏற்றி வந்தார்கள். தோட்டத்துப் பாதையின் மூன்றாவது வளைவில் அது தேயிலைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு சரிந்து நின்றுவிட்டது. இன்றும் அங்கேயேதான் நிற்கிறது. மழைக்கு ஒதுங்க வசதி.

அடுத்து பணிப்பாளர் யோகேஸ்வரன் வந்தார். கரையில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். காற்றில் ஐந்து திரியும் அணைந்தன, ஏற்றியதாகவே கொள்ளப்பட்டது. பணிப்பாளர் பேசினார்.

"பெருமக்களே, ஒரு நாட்டின் செல்வம் அதன் கடலடியில் இருக்கிறது. ஆனால் எண்ணப்படாத செல்வம் செல்வமே அல்ல. எங்கள் சபை எண்ணாத வரைக்கும் ஒரு சிப்பி, சிப்பி ஆகாது. அது வெறும் உயிரினம்தான். ஆகவே இன்று இந்த மலையகக் கரையோரத்து மக்களுக்கு நான் சொல்லிக்கொள்வது, நீங்கள் தனியாக இல்லை. உங்கள் சதுரமும் எங்கள் படத்தில் இருக்கிறது."

மக்கள் கைதட்டினார்கள். சதுரம் என்றால் புது வீடு கட்டித் தருகிற காணி என்று சிலர் நினைத்தார்கள்.

படகு இல்லாததால் பத்திநாதனின் படகைக் கேட்டார்கள். ஆனால் அவருக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாத படகு தண்ணீரில் இறங்கக் கூடாது. அரை மணி நேரம் கலந்து பேசி, அதை மீன்பிடிப் படகு என்ற வகையிலிருந்து நீக்கி 'ஆய்வுக் கப்பல்' என்று எழுதினார்கள். பத்திநாதன் 'கப்பல் தலைவர் (தற்காலிகம்)' ஆனார். கப்பலில் மீன் பிடிக்கக் கூடாது என்று கையொப்பம் வாங்கினார்கள். நடுத்தண்ணீரில் ஒரு திலாப்பியா தானாகத் துள்ளிப் படகுக்குள் விழுந்தது. அதைத் திரும்ப விட்டுவிட்டு, அந்த மீன் தமக்கு முன்பின் தெரியாதது என்ற பொருளில் ஒரு பக்கம் வாக்குமூலம் எழுத வேண்டியதாயிற்று.

பவளப்பாறை உண்டா என்று ஃபாரம் கேட்டது. மழை இல்லாமல் தண்ணீர் வற்றியதால், நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிய பழைய கோயிலின் மண்டபம் வெளியே தெரிந்தது. 'ஒன்று' என்று எழுதிக்கொண்டார்கள்.

சிப்பியை எடுக்க ஆள் வேண்டுமே? சபையில் முக்குளிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கொழும்பில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். பணிப்பாளர் தோட்டத்துத் துரையிடம் கேட்டார். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் துரை ஆறு கொழுந்துப் பெண்களின் பெயரைச் சொல்லி, மலைக்குப் போக வேண்டாம், சேற்றுக்குப் போங்கள் என்றார். கூடவே கணக்கப்பிள்ளை அழகனையும் தராசோடு அனுப்பினார். அந்த ஆறு பேரில் சிசிலியும் ஒருத்தி. மூத்தவள் அம்மாக்கண்ணு, முப்பது வருஷம் கொழுந்து எடுத்த கை.

நானூற்றுப் பதினேழாம் சதுரத்தை நாற்பத்தாறு துண்டாகப் பிரித்திருந்தார்கள். துண்டுக்கு ஒரு பை. சேற்றில் கால் வைத்ததும் அம்மாக்கண்ணு கேட்டாள்:

"ஏங்கய்யா, எந்த மாதிரி எடுக்கணும்? முத்தலும் போடணுமா?"

அழகனுக்குச் சிப்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் இருபது வருஷமாக இந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதில்தான் சொல்லிவந்தார். "முத்தல் வேணாம். எளசா பாத்து எடுங்க."

ஆறு பேரும் எளசாகப் பார்த்து எடுத்தார்கள். உள்ளங்கை அகலச் சிப்பிகளை ஒதுக்கிவிட்டு நகத்தளவுச் சிப்பிகளை மட்டும், பத்து விரலாலும், மழையில் கொழுந்து கிள்ளுகிற வேகத்தில் பொறுக்கினார்கள். அதனால் பை நிறையவில்லை. எந்தப் பையும் இரண்டு கிலோவைத் தாண்டவில்லை.

கரையில் அழகன் தராசைத் தொங்கவிட்டார். பக்கத்தில் சபையின் ஆள் ஒருவர் கையில் தொடுதிரை டெப்போடு நின்றார். டெப்பில் மூன்று கட்டங்கள். மொத்த எடை, கழிவு, மிச்சம். மிச்சத்தை அதுவே போட்டுக்கொள்ளும்.

"மொத்தம்?"

"ரெண்டு."

"கழிவு?"

அழகன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தினமும் இரண்டு வேளை சொல்வதைச் சொன்னார். "கூடைக்கு ஒன்னு, ஈரத்துக்கு ரெண்டு. மூணு."

நாற்பத்தாறு பைக்கும் அப்படியே. எடுத்த சிப்பிகளைத் திரும்பச் சேற்றில் கொட்டினார்கள். வெயில் ஏறிவிட்டது. எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள்.

பத்திநாதன் காத்திருந்தார். வலைகளை மடித்துக் கூரைக்குக் கீழே அட்டாலில் வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு தடவை அட்டனுக்குப் போனார். படம் அச்சில் இருக்கிறது என்றார்கள். இடையில் மரக்கறித் தோட்டங்களில் களை பிடுங்கப் போனார். ஐம்பது வயதில் குனிந்து நிற்கிற வேலை. சாயங்காலம் நிமிர முடியவில்லை. சிசிலி ராத்திரி ரொட்டியை இன்னும் மெல்லிசாகத் தட்டினாள். அட்டாலில் எலி ஏறி ஒரு வலையைக் கடித்தது. அவர் உட்கார்ந்து பின்னினார். பின்னிய வலையைத் திரும்ப அட்டாலிலேயே வைத்தார்.

ஜூன் மாதம் படம் வந்தது. அட்டனில் கூட்டம் கூட்டினார்கள். பத்திநாதனுக்குத் தனியே கடிதம் போட்டு அழைத்திருந்தார்கள். அனுமதி தரப்போகிறார்கள் என்று அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

சுவர் முழுக்கப் படம். கரையோரச் சதுரங்கள் எல்லாம் நீலம். நடுவே ஒரே ஒரு சதுரம் சிவப்பு.

"இது உலகத்துக்கே புதுச் செய்தி" என்று பணிப்பாளர் தொடங்கினார். "சிப்பி நிறைய இருக்கிற கடல் உண்டு. குறைவாக இருக்கிற கடல் உண்டு. சிப்பியே இல்லாத கடலும் உண்டு. அதற்குப் பூச்சியம் என்று பெயர். ஆனால் நானூற்றுப் பதினேழாம் சதுரத்தில் மைனஸ் நாற்பத்தாறு கிலோ. அதாவது, இல்லாததற்கும் கீழே. இதை நம்முடைய சபைதான் முதலில் கண்டுபிடித்திருக்கிறது."

கைதட்டல் ஓய்ந்ததும் அவர் குரல் கனத்தது. "இந்த நிலைமை தானாக வராது. இல்லாத சிப்பியையும் யாரோ பிடித்திருக்கிறார்கள். அந்தச் சதுரத்தில் வலை வைத்திருப்பவர் ஒருவர்தான்."

எல்லாத் தலைகளும் வெள்ளைச் சட்டைப் பக்கம் திரும்பின.

"சேர்" என்று பத்திநாதன் எழுந்தார். "நான் திலாப்பியா புடிக்கிறவங்க. எங்க ஊர்ல சிப்பியை யாரும் திங்கிறதே இல்லைங்க."

"அதுதான் பயங்கரம்" என்றார் பணிப்பாளர். "தின்னாமலே இவ்வளவு குறைந்திருக்கிறது. தின்றிருந்தால்?"

சிப்பிவளம் மீண்டு வரும்வரை அனுமதியை நிறுத்திவைத்தார்கள். மீட்க ஒரு திட்டமும் போட்டார்கள். ஆகஸ்ட்டில் மேற்குக் கரையிலிருந்து நாற்பத்தாறு கிலோ கடற்சிப்பி ஐஸில் வைத்து லொறியில் வந்தது. மாலை போட்டு, நாதஸ்வரம் வாசித்து நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். நல்ல தண்ணீரில் கடற்சிப்பி என்ன செய்யும்? மூன்றாம் நாள் வாய் பிளந்து மிதந்தது. லயம்வரை நாற்றம். உப்புப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொல்ல, அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

செத்ததைக் கணக்கில் ஏற்றினார்கள். அதையும் நானூற்றுப் பதினேழாம் சதுரத்தில்தான் ஏற்றினார்கள். இப்போது மைனஸ் தொண்ணூற்றிரண்டு.

"நாப்பத்தாறு வந்துச்சு, நாப்பத்தாறு செத்துச்சு. சரியாப் போச்சுங்களே மிஸ்?" என்று கேட்டார் பத்திநாதன்.

நிலக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள். "வந்தது மேற்குக் கரைச் சதுரத்தோட சிப்பிண்ணே, கடனுக்கு வந்தது. செத்தது மட்டும் உங்க சதுரத்துல." பிறகு யாரும் கேட்காமலே நாற்பத்தாறு பைகளின் விவரத் தாளைப் பிரதி எடுத்து மடித்து அவர் கையில் வைத்தாள். "வீட்டுல வச்சு ஆறுதலாப் பாருங்க. எனக்கு இதுல என்னமோ இடிக்குது."

அன்றைக்குச் சாயங்காலம் சிசிலி அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். எண் என்றால் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"என்னாங்க, இது சிப்பிக் கணக்கு இல்லைங்க. நம்ம கொழுந்துக் கணக்கு."

"என்ன சொல்ற?"

"ரெண்டு கிலோப் பையில மூணு கிலோ வெட்டியிருக்காரு நம்ம கணக்கப்பிள்ளை. பதினெட்டு கிலோவுல வெட்டுனா நமக்குத்தான் தெரியும். ரெண்டு கிலோவுல வெட்டவும் கவுருமெண்டுக்கே தெரிஞ்சு போச்சு."

அவள் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. பத்திநாதன் சிரிக்கவில்லை. எழுந்து நேரே அழகன் வீட்டுக்குப் போனார்.

அழகன் தாளைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "பழக்கத்துல சொல்லிட்டேன் பத்தி. வாய் தானா சொல்லிருச்சு."

"ஆபீஸுல வந்து இதச் சொல்லணும்ங்கய்யா."

"சொல்லலாம். துரை காதுக்குப் போகும். சிப்பிக்கு வெட்டுனது தப்புன்னா, கொழுந்துக்கு வெட்டுறது என்னான்னு நாளைக்கு ஊரே கேக்கும். வேலை போயிரும்."

பத்திநாதன் தாளை மடித்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டுத் திரும்பிவந்தார். அவர் யாரையும் கட்டாயப்படுத்துகிறவர் அல்ல; ஜெபம் பண்ணுகிறவர். ஆனால் செவ்வாய்க்கிழமை அட்டன் பஸ்ஸில் ஏறியபோது பின் ஆசனத்தில் அழகன் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உன் வலைய அட்டால்ல பாத்தேன்னு அம்மாக்கண்ணு சொல்லுச்சு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடி. "தூக்கம் வரல."

மனிதர்களை நல்லவர்களாக்கக் கடவுள் பெரிய காரியம் எதுவும் செய்வதில்லை போலும். சில ராத்திரிகளில் தூக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

அலுவலகத்தில் அழகன் சொன்னதைப் பணிப்பாளர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"படம் அச்சாகிவிட்டது. வெளிநாட்டுக்கும் அனுப்பியாயிற்று. அச்சான எண் தவறாக இருக்க முடியாது. ஆனால் உங்கள் வாக்குமூலம் முக்கியமானது. பைக்கு மூன்று கிலோ கழித்ததாக நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்."

"ஆமாங்க சேர்."

"நாற்பத்தாறு பை. நூற்று முப்பத்தெட்டு கிலோ." அவர் முன்னால் சாய்ந்தார். "கழித்த சிப்பி எங்கே?"

"எங்கேன்னா... அது சும்மா கழிக்கிறதுங்க சேர். எங்கயும் இல்ல."

"கழித்தால் ஓர் இடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் உழைத்து எடுத்ததில் மூன்று கிலோவை நீங்கள் பாட்டுக்குக் கழித்துவிட்டு, எங்கேயும் இல்லை என்றால் எந்த நியாயம் ஒப்புக்கொள்ளும்? அது திருட்டு ஐயா!"

இதையே கடிதமாகவும் எழுதி, பொன்னிற முத்திரையோடு தோட்டத்துக்கு அனுப்பினார். கழித்த நூற்று முப்பத்தெட்டு கிலோவையும் கழித்தவர் திரும்ப ஒப்படைக்க வேண்டும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் அழகன் அதை வாசித்தபோது பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு நின்று கேட்டார்கள். 'உழைத்து எடுத்ததில் கழித்தது எங்கே' என்ற வரி வந்ததும் அம்மாக்கண்ணு கைகூப்பினாள்.

"எங்கம்மா கேட்டுச்சு, நான் கேட்டேன், ஒருத்தரும் வாயத் தொறக்கல. ஒரு ஆபீசரு கேட்டிருக்காரே, மவராசன்! அவரு நம்மளக் கேக்கலன்னாலும் பரவால்ல."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. துரை அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்றார். அழகனை வேலையை விட்டு நீக்கவுமில்லை. நீக்கினால் காரணம் எழுத வேண்டும்.

நிலக்ஷிதான் வழி கண்டுபிடித்தாள். அழகன் நூற்று முப்பத்தெட்டு கிலோவை ஒப்படைத்தால், மைனஸ் தொண்ணூற்றிரண்டு போக நாற்பத்தாறு மிஞ்சும். சதுரம் நீலமாகும். நீலத்துக்கு அனுமதி கொடுத்தே ஆக வேண்டும்.

"சிப்பிக்கு எங்க போறது மிஸ்?" என்றார் பத்திநாதன்.

"எங்கேர்ந்து எடுத்ததுன்னு ஒப்படைக்கிற ஃபாரத்துல கேக்கலண்ணே" என்றாள் அவள்.

டிசம்பர் கடைசியில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்து சிசிலியும், கோயிலுக்குப் போய்விட்டு மற்ற ஐந்து பேரும் சேற்றில் இறங்கினார்கள். வாரத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே நாள் அது. கூலி இல்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. இந்த முறை முத்தலையும் எடுத்தார்கள். நூற்று முப்பத்தெட்டு கிலோ சிப்பியை நீர்த்தேக்கத்திலிருந்து எடுத்து, கரையில் நிறுத்து, சபையின் சாட்சியோடு அதே நீர்த்தேக்கத்தில் ஒப்படைத்தார்கள்.

அழகன் தராசைப் பிடித்திருந்தார். முதல் பை இருபத்து மூன்று கிலோ. "கழிவு?" என்று கேட்டார் டெப்காரர்.

அழகன் வாயைத் திறந்தார், மூடினார். "கழிவு இல்ல. இருபத்து மூணு."

அம்மாக்கண்ணு சேற்றுக் காலோடு வந்து தராசின் முள்ளைக் கிட்டப் பார்த்தாள். "அம்புட்டும் நிக்குதே!" என்றாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பத்திநாதனுக்குத் தெரியவில்லை.

பணிப்பாளர் கரையில் நின்று வளம் மீண்ட வரலாற்றைப் பற்றிப் பேசினார். உலகத்தில் வேறெங்கும் சிப்பிவளம் ஒரே காலையில் இருநூற்று முப்பது கிலோகூட ஏறியதில்லை என்று சொன்னார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி பத்திநாதனின் கையில் அனுமதி கிடைத்தது. முத்திரை பளபளத்தது. வெளியே வந்து படியில் நின்று வாசித்தார். ஒரு வருஷத்துக்குச் செல்லும், விண்ணப்பித்த நாளிலிருந்து. விண்ணப்பித்த நாள் போன வருஷம் ஜனவரி பன்னிரண்டு.

அவர் மறுபடி மாடி ஏறினார்.

"ஒம்பது நாள்தாங்க இருக்கு மிஸ்."

"தெரியும்ணே." நிலக்ஷியின் கண் கலங்கியிருந்தது. "அடுத்ததுக்கு ஃபாரத்த இப்பவே நெரப்பி வச்சிட்டேன். ஆனா இந்த வருஷம் நண்டு எண்ணப் போறாங்களாம்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் அந்தத் தேதியை மறுபடி மறுபடி வாசித்தார். ஒரு வருஷம். களை பிடுங்கின முதுகு, எலி கடித்த வலை, மெல்லிசாகத் தட்டின ரொட்டி, எல்லாம் ஒன்பது நாளுக்கு. கோபம் நெஞ்சுக்குள் நின்றது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. நங்கூரத்தின்மேலா? வீட்டுக்கு வந்து, அட்டாலிலிருந்து வலையை இறக்கினார். வெளிச்சம் இருக்கும்போதே படகைத் தள்ளினார்.

மறுநாள் காலை வலை கனத்தது. ஒரு வருஷமாக யாரும் தொடாத தண்ணீர் அல்லவா? கூடை நிறைந்து வழிந்தது. பத்திநாதன் அதைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே லயத்துக்குப் போனார். சிசிலியோடு சேற்றில் இறங்கிய ஐந்து பேரின் கதவையும் தட்டினார். அழகன் வீட்டிலும் ஒரு பங்கை வாழை இலையில் வைத்துவிட்டு வந்தார்.

அம்மாக்கண்ணு சட்டியோடு வெளியே வந்தாள். அவர் வாரி வாரிப் போடுவதைப் பார்த்துப் பயந்துபோய்க் கையால் தடுத்தாள்.

"போதும்ப்பா, போதும். எத்தன கிலோன்னு நிறுத்துட்டுப் போடு."

"சட்டியப் புடிங்கக்கா" என்றார் பத்திநாதன்.